மார்லிங் ஃபெரியில் ஒரு வீடு நிமிர்ந்த கதை

சிட்னியின் ஹோம்புஷ் பகுதியில் ஒரு தோசைக்கடையில் எனக்குப் பிரிவு விருந்து கொடுத்தார்கள். கவுன்சிலின் ஹெரிடேஜ் பிரிவில், அதாவது பழைய கட்டடங்களைக் காக்கும் பிரிவில், என்னோடு வேலை பார்த்தவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். என் இடத்துக்கு வரப்போகும் நிகிலா சென்னைப் பெண். சட்னிக் கிண்ணத்தை ஓரமாக நகர்த்திவிட்டு, மேசையில் எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள்.

"மேடம், நேரா நின்ன ஒரு வீட்டை மறுபடியும் சாய்க்கச் சொல்லி நோட்டீஸ் போச்சாமே, நிஜமா?"

"போச்சும்மா."

"யாரு சொல்லி?"

"ஊரே சொல்லிச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். ஆளுக்கொரு விதமாக அந்தக் கதையைக் கேள்விப்பட்டிருந்தார்கள். ஒருவர் வீட்டை நான் கயிறு கட்டி இழுத்ததாகச் சொன்னார். இன்னொருவர் அது வீடே இல்லை, ஒரு கழிப்பறை என்றார். இப்போதெல்லாம் ட்ரோனைப் பறக்கவிட்டு, மத்தியானத்துக்குள் கட்டடத்தை அளந்து, சாயங்காலத்துக்குள் அறிக்கை தயாராகிவிடுகிறது. அப்படி வேலை செய்பவர்களுக்கு இந்தக் கதை கட்டுக்கதையாகத்தான் தோன்றும். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். ஊரின் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

நான் கோயம்புத்தூரில் சிவில் படித்தவள். கல்யாணமாகிக் கணவரோடு சிட்னிக்கு வந்து, கொஞ்ச காலம் கார் நிறுத்துமிடங்களுக்கு வரைபடம் போட்டேன். பிறகு மாலையில் படித்து ஒரு டிப்ளமோ வாங்கி, நகரத்துக்கு வடமேற்கே ஆற்றங்கரை ஊர்களைக் கவனிக்கும் ஒரு கவுன்சிலில் வேலைக்கு மனுப் போட்டேன். அங்கே மேலதிகாரி ரோஜர். நேர்முகத் தேர்வு என்று சொல்லி, அலுவலகத்தில் உட்கார வைக்காமல் ஒரு தேவாலயத்தின் வாசலுக்கு அழைத்துப் போனார். மழை தூறிக்கொண்டிருந்தது. அந்தக் கல் எங்கே வெட்டியது, இந்தக் கல் ஏன் அரித்தது என்று பேசிக்கொண்டே இருந்தார். எனக்குக் கால் கடுத்தது. கடைசியில் கைகுலுக்கி, "வேலை உங்களுக்குத்தான்" என்றார். காரணம் பிறகுதான் தெரிந்தது. எனக்கு முன்னால் வந்தவர்கள் எல்லோரும் பேச்சு நீண்டதும் சுவரில் சாய்ந்துவிட்டார்களாம்.

ரோஜர் எந்தக் கட்டடத்தையும் 'பழையது' என்று சொல்லமாட்டார். 'முந்தியது' என்பார். உள்ளே நுழையும்போது தொப்பியைக் கழற்றுவார். ஒரு வீட்டின் குறையைப் பேச வேண்டுமென்றால் எங்களைத் தெருவின் எதிர்ப்பக்கம் கூட்டிப்போய், குரலைத் தாழ்த்திக்கொள்வார். யாராவது முட்டாள்தனமாக எதையாவது சொன்னால், "இன்ட்ரஸ்டிங்" என்பார். அறிவுள்ள பேச்சு என்றாலும் அதையேதான் சொல்வார். இரண்டுக்கும் வித்தியாசம் புருவத்தில் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்குச் சில வருடங்கள் ஆயின.

அவரோடு நான் போன முதல் பெரிய வேலை ஒரு மதுக்கடை. கடைக்காரர் முகப்புக்கு வெள்ளை பூச அனுமதி கேட்டிருந்தார். ரோஜர் ஆபரேஷன் கத்தி போன்ற ஒன்றை எடுத்து, ஜன்னல் சட்டத்தில் விரல்நகம் அளவுக்கு ஓர் இடத்தில் பெயிண்டை அடுக்கடுக்காகச் சுரண்டினார். ஒவ்வொரு அடுக்கையும் பூதக்கண்ணாடியில் பார்த்து நிறத்தைச் சொல்ல, நான் எழுதிக்கொண்டேன். வெள்ளை, பச்சை, பழுப்பு, மறுபடியும் பச்சை என்று போய், மரத்தை ஒட்டியிருந்த முதல் அடுக்கு இருமல் மருந்து நிறத்தில் இருந்தது. "முதலில் இதுதான்" என்றார் ரோஜர். கடைக்காரர் கெஞ்சினார், கத்தினார், எம்.பி.க்குப் போன் போட்டார். கடைசியில் கடை முழுக்க இருமல் மருந்து நிறம்தான் ஏறியது. மறுவருடம் அந்த முகப்புக்கு மாநில அளவில் ஒரு பரிசு கிடைத்தபோது, மேடையில் நின்று, அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தது தன் மனைவி என்றார் கடைக்காரர்.

அந்த மதுக்கடை இருந்த ஊர்தான் மார்லிங் ஃபெரி. அந்த ஊரைப் பார்த்தால் ஆஸ்திரேலியா என்று சொல்ல முடியாது. இங்கிலாந்தில் ஏதோ ஓர் ஆற்றங்கரைக் கிராமத்திலிருந்து வந்தவர்கள், தங்கள் ஊரை நினைவில் வைத்து அப்படியே கட்டிவிட்டார்கள். குட்டையான கல் தேவாலயம், தானியக் கிடங்கு, மதுக்கடை, படகோட்டியின் வீடு என எல்லாமே தண்ணீரை எட்டித் தொடும் தூரத்தில். அந்த ஆற்றோடு காலகாலமாக வாழ்ந்த மண்ணின் மக்கள் மேட்டில்தான் தங்குவார்கள். வந்தவர்கள் அவர்களை விரட்டினார்களே தவிர, ஏன் மேட்டில் இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. தங்கள் ஊர் ஆற்றைப்போல இதுவும் அடக்கமாகப் படுத்துக்கிடக்கும் என்று நினைத்துவிட்டார்கள். இந்த ஆறு வருடக்கணக்கில் பூனைபோல் கிடந்துவிட்டு, ஒரு வாரத்தில் மரத்தின் உச்சிவரை ஏறும்.

அப்படி ஏறிய ஆதிகாலத்து வெள்ளம் ஒன்றில்தான் படகோட்டியின் வீடு மிதந்தது. மாடி வைத்த மரவீடு அது. பலகைச் சுவர், கீழே கல் கட்டைகள், அவற்றின்மேல் உத்தரங்கள். தண்ணீர் வடிந்ததும் வீடு திரும்பிவந்து உட்கார்ந்தது. ஆனால் தேவாலயப் பக்கத்துக் கல் கட்டைகள் சேற்றில் புதைந்துவிட்டதால், அந்தப் பக்கமாகச் சரிந்து உட்கார்ந்தது. படகோட்டி அதிலேயே வாழ்ந்து அதிலேயே செத்தார். அன்றிலிருந்து அது 'சரிந்த வீடு'. பள்ளிக்கூடத்தின் சின்னத்தில் அந்த வீடு. பேக்கரியில் ஒருபக்கம் உயரமாகச் சுட்ட, இறைச்சி வைத்த ‘பை’ பண்டம். சனிக்கிழமைகளில் பஸ்ஸில் வந்து இறங்குபவர்கள் வீட்டைத் தாங்குவதுபோல் கையை நீட்டிப் படம் எடுப்பார்கள். எங்கள் பதிவேட்டிலும், 'இக்கட்டடத்தின் சரிவு அதன் சிறப்பிலிருந்து பிரிக்க முடியாதது' என்று எப்போதோ யாரோ எழுதி வைத்திருந்தார்கள்.

இந்த வீட்டைத்தான் சூசைதாசனும் மரியபுஷ்பமும் வாங்கினார்கள். இலங்கையில் மன்னார்க்காரர்கள். அவர் சிட்னியில் நெடுங்காலம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கடலோரத்தில் பிறந்தவருக்கு வீட்டு வாசலில் தண்ணீர் வேண்டும் என்று ஆசை. கடலோரத்தில் அவர்களால் வாங்கமுடியவில்லை, ஆறு கிடைத்தது. சரிவைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்துவிட்டார்கள்.

வாங்கிய வருடமே மரியபுஷ்பம் அக்கா, அவர்கள் குசினி என்கிற சமையலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. வீட்டை நிமிர்த்த அனுமதி கேட்டு மனு வந்தது. தமிழ்ப் பெயரைப் பார்த்ததும் ரோஜர் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

சரிவை அளப்பது அப்போது ஒரு சடங்கு. மாடி விளிம்பிலிருந்து நூலில் தூக்குக்குண்டைத் தொங்கவிட வேண்டும். காற்றில் அது ஆடிக்கொண்டே இருக்கும் என்பதால், கீழே ஒரு வாளியில் தண்ணீர் வைத்து, குண்டை அதற்குள் இறக்க வேண்டும். ஆட்டம் அடங்கும்வரை யாரும் பேசக்கூடாது, நடக்கக்கூடாது. பிறகு நூலுக்கும் சுவருக்கும் நடுவே அளவுகோலை வைத்துப் படிக்க வேண்டும். ரோஜர் மூன்று முறை படித்தார். சூசைதாசன் அண்ணன் தேவாலயத்தில் நிற்பதுபோல் கைகட்டி நின்றார்.

உள்ளே போனோம். அது வீடாக இல்லை, கப்பலாக இருந்தது. சாப்பாட்டு மேசைக்கும், அவர்கள் கதிரை என்கிற நாற்காலிகளுக்கும் ஒருபக்கத்துக் கால்களை அறுத்துக் குட்டையாக்கியிருந்தார் அண்ணன். குளிர்சாதனப்பெட்டியைக் கயிற்றால் சுவரோடு கட்டியிருந்தார். அக்கா ஊன்றுகோலோடு கட்டிலில் இருந்தார்.

"பிள்ளை, அடுப்பில கறி வைச்சா ஒரு பக்கம் கருகுது, மற்றப் பக்கம் பச்சையா கிடக்குது. குளிக்கிற தண்ணி குழியால போகாமல் அறைக்குள்ள வருகுது. நாங்கள் என்ன மாளிகையோ கேட்டனாங்கள்? நேரா நிக்கிற ஒரு வீடு."

நான் ரோஜருக்கு மொழிபெயர்த்தேன். அவர் என்னைத் தெருவின் எதிர்ப்பக்கம் கூட்டிப்போனார். சரிவை எடுத்துவிட்டால் இந்த வீடு எதற்காகப் பட்டியலில் இருக்கிறதோ அதுவே போய்விடும் என்றார். ஆனால் கழற்றக்கூடிய எதையும் பொருத்தலாம். கப்பலில் இருப்பதுபோலச் சுவர் முழுக்கக் கைப்பிடிக் கம்பி போடலாம். அதைப் போய்ச் சொல்ல வேண்டியது நான்.

அக்கா கேட்டுவிட்டு, "உங்கட வீடு நேரா நிக்குதோ, பிள்ளை?" என்றார்.

"நிக்குதுக்கா."

"அப்ப நீங்கள் சொல்லலாம்."



வீட்டை நிமிர்த்த அனுமதி கிடைக்காததில் ஊர் வரலாற்றுக் கழகத்தின் தலைவி பெவர்லிக்குத்தான் பெரும் மகிழ்ச்சி. அவர் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். அந்த வீட்டைப் பற்றிப் பேசாத நாள் அவருக்கு இல்லை. வெள்ளம் கொண்டுபோன வீட்டை விட்டுப்போக மறுத்த படகோட்டிதான் இந்த ஊரின் ஆன்மா, அந்தச் சரிவு அவருடைய பிடிவாதம் என்று பஸ்ஸில் வருபவர்களுக்கு ஒலிபெருக்கியில் சொல்வார். சொல்லும்போது ஒவ்வொரு முறையும் அவருக்குக் கண் கலங்கும். அது நடிப்பில்லை.

கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அக்கா நடந்த காலத்தில்தான் மழை வந்தது. வாரக்கணக்கில் பெய்தது. ஊரையே காலி செய்து மேட்டிலிருந்த பள்ளி மண்டபத்தில் தங்கவைத்தார்கள். அக்கா வீட்டிலிருந்து எடுத்து வந்தது மருந்துப் பையையும் தங்கள் ஊர் மடு மாதாவின் சிறு சுரூபச் சிலையையும்தான். மண்டபத்தில் அவருக்குப் பக்கத்துப் படுக்கை பெவர்லிக்கு. இரண்டுபேரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்கள் என்று அண்ணன் பிறகு சொன்னார்.

தண்ணீர் வடிந்ததும் முதலில் இறங்கிப் போனவர் அண்ணன். ரோஜரும் நானும் சேதத்தைப் பார்க்கப் போனபோது வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தில் துக்கமா சந்தோஷமா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

"தங்கச்சி, நான் ஒண்டும் செய்யேல்லை" என்றார் எடுத்த எடுப்பில்.

வீடு நேராக நின்றது.

ரோஜர் தொப்பியைக் கழற்றினார். வாளியில் தண்ணீர் வைத்து, தூக்குக்குண்டை இறக்கி, ஆட்டம் அடங்கும்வரை நின்றோம். நூல் சுவரை ஒட்டியே இறங்கியது. ரோஜர் வேறு மூலைக்குப் போய் அளந்தார். அங்கேயும் நேர். உள்ளே போய்த் தரையில் ரசமட்டத்தை வைத்தார். குமிழி நடுவில் போய் உட்கார்ந்தது. "இன்ட்ரஸ்டிங்" என்றார். புருவம் இரண்டும் இதுவரை நான் பார்க்காத இடத்தில் இருந்தன.

குனிந்து வீட்டின் அடியில் பார்த்தோம். வெள்ளம் வீட்டைத் தூக்கியபோது, மேலாற்றிலிருந்து வந்த ஒரு பெருத்த சவுக்கு மரத்தண்டு தாழ்ந்த பக்கத்து உத்தரத்தின் அடியில் புகுந்திருந்தது. சுற்றிலும் சேறு இறுகியிருந்தது. தண்ணீர் இறங்கியபோது வீடு அதன்மேல் உட்கார்ந்துவிட்டது. கணக்குப் போட்டு வைத்தாலும் அவ்வளவு சரியாக வைக்க முடியாது.

"மாதா செய்தவ" என்றார் அக்கா.

பெவர்லி அப்படி நினைக்கவில்லை. ஊர் முழுக்கச் சேற்றை அள்ளிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் கவுன்சிலுக்கு வந்துவிட்டார். வெள்ளத்தைச் சாக்காக வைத்து வீட்டை நிமிர்த்திவிட்டார்கள் என்று புகார். பேக்கரிக்காரரும் பள்ளிக்கூடத்துப் பெற்றோரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மேலே இருந்தவர்கள் பயந்துபோய் ஒரு நோட்டீஸ் அனுப்பினார்கள்: அனுமதியின்றி நிமிர்ந்த கட்டடத்தை முந்தைய நிலைக்குக் கொண்டுவருவது குறித்து உரிமையாளர் விளக்கம் அளிக்க வேண்டும். இணங்காவிட்டால் வழக்கு.

அண்ணன் அந்த நோட்டீஸை என்னிடம் நீட்டினார். "அந்த மரத்தை நான் தள்ளினனான் எண்டுகினம். என்னால அதைக் கட்டிப்பிடிக்கவே ஏலாது, தங்கச்சி. வழக்கெண்டு வந்தா வீட்டை வித்துத்தான் ஆகவேணும்."

கவுன்சில் கூட்டத்தில் இது விவாதத்துக்கு வந்தது. அன்று நடந்ததை இன்றும் வீட்டில் சொன்னால் நம்பமாட்டார்கள். ஒப்பந்தக்காரர் ஒருவர், மரத்தண்டை உருவிவிட்டு ஜாக்கி வைத்து வீட்டைப் பழைய அளவுக்குச் சாய்த்துத் தருகிறேன் என்றார். அந்தச் சாய்வு பாதுகாப்பானது என்று இன்ஜினியர் கையெழுத்துப் போட வேண்டும். சாய்ந்த வீட்டை நேராக்கக் கையெழுத்துப் போடுவேன், நேரான வீட்டைச் சாய்க்கப் போடமாட்டேன், அது என் தொழிலுக்கே எதிரானது என்றார் இன்ஜினியர். உறுப்பினர் ஒருவர் சமரசமாக, "பாதிச் சாய்வுக்கு ஒப்புக்கொள்வீர்களா?" என்று கேட்டார். இன்னொருவர், சனி ஞாயிறுகளில் மட்டும் சாய்க்க வழி உண்டா என்றார். அதைக் குறிப்பில் எழுதினார்கள்.

முடிவெடுக்க முடியாமல், ரோஜர் ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்து அறிக்கை தரட்டும், புகார் கொடுத்தவரும் கூடப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

போனோம். பெவர்லி வாசலில் தயங்கி நின்றார். அப்போதுதான் தெரிந்தது, அவர் அந்த வீட்டுக்குள் அதுவரை காலெடுத்து வைத்ததே இல்லை. முன்பிருந்த உரிமையாளர் யாரையும் விடமாட்டாராம். புதியவர்களிடம் அவர் கேட்கவில்லை. அத்தனை வருடமும் வெளியே நின்று பேசியிருக்கிறார்.

"வாங்கோ, இருங்கோ" என்றார் அக்கா, மண்டபத்துப் பக்கத்துப் படுக்கைக்காரி என்ற உரிமையில். சைகையிலேயே பெவர்லிக்குப் புரிந்தது. கதிரையில் உட்கார்ந்தார். அது அண்ணன் சரிவுக்கேற்ப ஒருபக்கக் கால்களை அறுத்த கதிரை. வீடு நிமிர்ந்த பிறகு வீட்டுச் சாமான்கள் எல்லாம் சரிந்துவிட்டிருந்தன. பெவர்லி மெதுவாக, மிகக் கண்ணியமாக, பக்கவாட்டில் வழுக்கித் தரையில் உட்கார்ந்தார்.

அக்காதான் முதலில் சிரித்தார். கை கொடுக்கக் குனிந்தவர், இடுப்பு பிடித்துக்கொள்ள, தானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். "நான் விழுந்ததும் இதே இடத்திலதான் எண்டு சொல்லுங்கோ, பிள்ளை" என்றார். சொன்னேன். பெவர்லி சிரிக்கவில்லை. அந்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்தார்.

அப்படித் தரையில் இருந்தபடி நிமிர்ந்து பார்த்தபோதுதான் அந்தத் தட்டு அவர் கண்ணில் பட்டது. குசினிச் சுவரில் ஆணி அடித்துப் பொருத்திய ஒரு நீளப் பலகைத் தட்டு. சுவருக்குக் கோணலாக நின்றது. அதன்மேல் மாதா சுரூபம் கவிழாமலிருக்க அக்கா ஒரு துணியை அண்டை கொடுத்திருந்தார்.

"அதை ஏன் கோணலாக அடித்திருக்கிறார்கள்?" என்றார் பெவர்லி.

"இந்த வீட்டில அது ஒண்டுதான் நேரா இருந்தது" என்றார் அக்கா. "அதாலதான் மாதாவை அதில வைச்சனான். இப்ப வீடு நேராயிட்டுது, அது சரிஞ்சிட்டுது."

ரோஜர் தொப்பியை மேசையில் வைத்துவிட்டுத் தட்டின் அடியில் தலையை நுழைத்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். ஆணிகள் கொல்லன் கையால் அடித்தவை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு தலை. தட்டின் அடியில் ஆப்புக் கட்டைகள். பிறகு அவர் அறை அறையாகப் போனார். ஜன்னல் திண்டுகளின் மேல் அதே ஆணியில் அறைந்த ஆப்புகள். மாடிப்படியில் ஒவ்வொரு படியின் அடியிலும் ஒன்று. கட்டில் கிடந்த மூலையில், தரைப்பலகைக்கு மேல் இன்னொரு பலகை, ஒருபக்கம் சீவி மெல்லிசாக்கியது. எல்லாம் பெயிண்டின் அடியில் மறைந்திருந்தன. கத்தியை எடுத்துச் சுரண்டினார். முதல் அடுக்கு இருமல் மருந்து நிறம், மதுக்கடையில் பார்த்த அதே ஆதிகாலத்துப் பூச்சு.

படகோட்டி அந்தச் சரிவில் பிடிவாதமாக வாழவில்லை. வாழ்நாள் முழுக்க அதோடு சண்டை போட்டிருக்கிறார். ஒரு தட்டையாவது, ஒரு படியையாவது, தூங்குகிற இடத்தையாவது நேராக்கப் பார்த்திருக்கிறார்.

ரோஜர் வந்து சொல்லச் சொல்ல, பெவர்லி தரையிலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெல்லிய குரலில், "அவருக்கு இது பிடிக்கவே இல்லை" என்றார். "நான் பஸ் பஸ்ஸாக ஆட்களிடம் வேறு மாதிரிச் சொல்லியிருக்கிறேன்."

நான் இதை அக்காவுக்குத் தமிழில் சொன்னேன். அக்கா பெவர்லியின் முழங்காலில் கை வைத்து, "பாவம் மனுசன். மனுசியும் இருந்திருப்பா. அவவும் விழுந்திருப்பா" என்றார்.

ரோஜரின் அறிக்கை ஒரு பக்கம்தான். வீட்டைச் சாய்த்தது ஆறு, நிமிர்த்தியதும் ஆறு, இரண்டும் வரலாறு. ஆகவே இப்போதுள்ள நிலை அப்படியே இருக்கட்டும், மரத்தண்டை எடுத்துவிட்டு அதே உயரத்துக்குக் கல் கட்டை வைக்கட்டும். ஆனால் படகோட்டி அடித்த தட்டும் ஆப்புகளும் பட்டியலில் சேர்க்கப்படுகின்றன, அவற்றை யாரும் நேராக்கக் கூடாது. கவுன்சில் கூட்டத்தில் பெவர்லி எழுந்து அதை ஆதரித்தார். பேக்கரிக்காரர் மட்டும் எதிர்த்தார். நோட்டீஸ் திரும்பப் பெறப்பட்டது.

தட்டு இன்றும் கோணலாகத்தான் இருக்கிறது. மாதாவை அக்கா வேறு சுவருக்கு மாற்றிவிட்டார். ரோஜர் அடுத்த வருடம் ஓய்வு பெற்று, டாஸ்மேனியாவில் கான்கிரீட்டில் ஒரு புது வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

பிரிவு விருந்துக்கு மறுநாள் எனக்குக் கடைசி வேலைநாள். மார்லிங் ஃபெரியிலிருந்து ஒரு விண்ணப்பம் வந்திருந்தது. தேவாலயம் ஆற்றுப் பக்கமாகச் சரிந்துவிட்டது, அதைப் பதிவு செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். விண்ணப்பதாரர்கள் இருவர்: பெவர்லி, சூசைதாசன்.

நானே போனேன். இரண்டுபேரும் தேவாலயத்துக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பஸ்ஸில் வந்த சிலர் கையை நீட்டித் தேவாலயத்தைத் தாங்குவதுபோல் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பார்த்தால் எனக்கும் கொஞ்சம் சரிந்ததுபோல்தான் பட்டது. வாளியில் தண்ணீர் பிடித்து வைத்து, கோபுரத்திலிருந்து குண்டை இறக்கி அளந்தேன். துளியும் சரிவில்லை. பக்கத்தில் ஒரு சரிந்த வீட்டை வைத்தே தலைமுறைகளாகப் பார்த்துப் பழகிய கண்கள். வீடு நிமிர்ந்ததும் தேவாலயம் சாய்ந்து தெரிகிறது, அவ்வளவுதான்.

"அண்ணா, இது நேராத்தான் நிக்குது" என்றேன்.

"தெரியும், தங்கச்சி" என்றார் அண்ணன் குரலைத் தாழ்த்தி. "ஆனால் எங்கட வீடு நிமிர்ந்த பிறகு ஊருக்கு ஒரு சரிவு வேணுமெல்லோ. பேக்கரிக்காரனும் பாவம்."

பெவர்லிக்கு நான் ஆங்கிலத்தில் முடிவைச் சொன்னேன். மனு நிராகரிக்கப்படும், கட்டடம் முற்றிலும் நேராக இருக்கிறது. அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. கையில் குடையைச் சுருட்டிக்கொண்டே ஆற்றைப் பார்த்தார்.

"பரவாயில்லை" என்றார். "அடுத்த வெள்ளம் வரட்டும்."